சத்தம் நின்றால் ஓடும் சிப்பி பாய்

உலகத்தில் எல்லோரும் ஏதாவது சத்தம் கேட்டால் பயப்படுவார்கள். சத்தம் நின்றால் பயப்படுகிற மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் சிப்பி பாய். தலைக்கு மேல் இடி இடித்தாலும், பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டாலும் அவர் புருவம்கூட அசையாது. வீட்டுக்குள் அமைதி விழுந்தால் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுவார். அறுபதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர். ஆனாலும் அந்த ஓட்டத்தில் அவரை எந்த இளைஞனும் பிடித்ததில்லை.

ஒருமுறை நாகூரில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டைச் சுற்றி மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஜெனரேட்டர் நின்றது. பாட்டும் நின்றது. மற்றவர்கள் 'கரண்டு எப்ப வரும்' என்று அண்ணாந்து பார்த்தார்கள். பாய் சோற்றுக்கையோடு எழுந்து பஸ் ஸ்டாண்டுவரை ஓடிவிட்டார். அங்கே பஸ் ஹாரன் காதைப் பிளந்த பிறகுதான் தான் வந்தது கல்யாணத்துக்கு என்பது ஞாபகம் வந்ததாம். திரும்பி வந்து பார்த்தால் மற்ற மூன்று பேரும் அவர் பங்கையும் சேர்த்து முடித்திருந்தார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நாகூருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில், காவிரியின் கிளையாறு ஒன்று கடலில் விழுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல பெண்கள் இன்றும் மட்டி எடுத்து விற்றுத்தான் பிழைக்கிறார்கள். மட்டி என்பது ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி. தண்ணீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு ஆழத்தில் இறங்கி, காலால் துழாவிக் கையால் எடுப்பார்கள். நான் எழுதப்போய் அவர்கள் கூடைக்குக் கெட்ட பெயர் வர வேண்டாம்.

நான் கீழ்வேளூர்ப் பக்கத்து ஆள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலம் தள்ளிய குடும்பத்தில் வேதியியல் படித்த முதல் ஆள். எனக்கு வேலை கிடைத்தபோது எங்கள் தெரு முழுக்க வேலை கிடைத்த மாதிரி கொண்டாடினார்கள். கடல்நீர் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளர் வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் முகத்துவாரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, திருச்சி போகிற பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று அங்கே பார்த்து, மாதம் ஒன்று ஒன்றரை கழித்துப் பதில் அனுப்புவார்கள். அதற்குள் அந்தத் தண்ணீர் இலங்கையைச் சுற்றிவிட்டு வந்திருக்கும். ஊரில் என்னைப் 'பாட்டில் சார்' என்று கூப்பிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தங்க இடம் தேடியபோது டீக்கடையில் சிப்பி பாய் வீட்டு மாடியைக் காட்டினார்கள். காற்றோட்டமான மாடி, வாடகையும் கம்மி, ஆனால் யாரும் நிலைக்க மாட்டார்கள் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். கீழே பின்கட்டு அறையில் ஒரு ஜின் இருக்கிறதாம். மற்ற ஜின்களைப் போல இருட்டில் வராதாம். பட்டப்பகலில், அதுவும் சலங்கை கட்டிக்கொண்டு வருமாம்.

குடிவந்த அன்றே உச்சிவெயிலில் அந்தச் சலங்கையைக் கேட்டேன். பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மர்யம் அக்கா அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். குடிக்கத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினேன். பூட்டிய அறைக்குள் ஒரு மணி ஒலித்தது. ஆடுகிற சலங்கையாக இருந்தால் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளமே இல்லை. ஒரு மணி கேட்டது. நான் மூச்சை இழுத்துவிடும்வரை ஒன்றுமில்லை. பிறகு அறையின் வேறொரு மூலையில் இன்னொரு மணி. அதற்குப் பதில் சொல்வதுபோல் மூன்றாவது, மிக மெதுவாக. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். உள்ளே இருட்டும் ஈரக் காற்றும் உப்பு வாடையும்தான் இருந்தன. மனித அசைவு எதுவும் இல்லை.

வேதியியல் படித்தவன் ஜின்னை நம்பக்கூடாது. நானும் நம்பவில்லை. ஆனாலும் பாய் திரும்பி வந்தபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உள்ள சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டு உள்ளே போனார். எனக்குக் காய்ச்சல் வராத குறை.

அன்று மாலை அவரே அறையைத் திறந்து காட்டினார். நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆற்றுவாயிலிருந்து ஒரு குழாய் வழியாகச் சின்ன மோட்டார் தண்ணீரை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு குழாய் வெளியே கொண்டுபோனது. தொட்டிக்குள் வரிசையாக இருபத்துநாலு ஆளிகள். ஆளியும் சிப்பி இனம்தான். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் கறுப்பும் பச்சையுமாக ஒட்டி வளருமே, அது. ஒவ்வொன்றின் மேல் ஓட்டிலும் ஒரு நைலான் தூண்டில் நரம்பு ஒட்டியிருந்தது. நரம்பு மேலே போய் மூங்கிலில் தொங்கும் ஒரு சலங்கை மணியில் முடிந்தது. ஆளி வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கும், கொஞ்சம் மூடும், மறுபடி திறக்கும். அசையும்போதெல்லாம் மணி ஆடும். இருபத்துநாலும் தன்தன் இஷ்டத்துக்குத் திறந்து மூடுவதால் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு மணி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

பாய் இருபது வருஷம் வளைகுடாவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். கடல்நீர் உள்ளே வரும் மதகுப் பக்கம் டியூட்டி. அங்கே ஒரு தொட்டியில் இப்படித்தான் ஆளிகளை ஒயர் ஒட்டி உட்கார வைத்திருந்தார்களாம். தண்ணீரில் எண்ணெய் கலந்துவிட்டால் அவை ஒன்றுசேர வாயை மூடிக்கொள்ளும். உடனே மதகை அடைப்பார்கள். அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் டிவி கொண்டுவந்தார்கள், அத்தர் கொண்டுவந்தார்கள், தங்கம் கொண்டுவந்தார்கள். பாய் தண்ணீருக்குள்ளும் ஒட்டுகிற பசை இரண்டு டப்பா கொண்டுவந்தார். மர்யம் அக்கா அந்த டப்பாவைத் திறந்து பார்த்த கதையைச் சொல்லும்போது இன்னும் அவர் முகம் சுருங்கும்.

ஆளிகளுக்கு அவர் வளைகுடாவில் தன்னோடு ஒரே அறையில் இருந்தவர்களின் பெயரை வைத்திருந்தார். குளச்சல் அந்தோணி, திருச்சூர் குட்டன், பெஷாவர் கான் என்று வரிசை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஒரு மணி கேட்கும், "கான் முழிச்சிட்டான்" என்பார். இன்னொன்று கேட்கும், "அந்தோணி இன்னிக்கு லேட்டு" என்பார். ஏதாவது ஒரு ஆளி வாயை அகலத் திறந்தபடி மணி அடிக்காமல் இருந்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். அதை அவரே எடுத்துப்போய்க் கடலில் விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைப் பிடித்து அதே பெயரை வைப்பார். பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பிறகு போன் போட்டு விசாரிப்பார். குட்டனின் ஆளி ஒரே வருஷத்தில் மூன்று முறை செத்தது. திருச்சூரில் அசல் குட்டன் போனை எடுக்கவே பயந்தார்.

அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசக்கூடாது. குக்கர் விசில் கூடாது. வாசல் காலிங்பெல்லைக் கழற்றிவிட்டார், தபால்காரர் கையைத் தட்ட வேண்டும். விருந்தாளிகள் வந்தால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை பாய் விரலை உயர்த்துவார், எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுப்போம், உள்ளே ஒரு மணி கேட்கும், விரல் இறங்கும், பேச்சு தொடரும். மர்யம் அக்கா அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. "சிப்பிக்குப் பசிச்சா இவருக்குத் தெரியும். எனக்குப் பசிச்சா நான் மணி கட்டிக்கிட்டுத்தான் சொல்லணும்" என்பார்.

சத்தம் முழுக்க நின்றுவிட்டால் பாய் முதலில் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். ஆளி உப்பில்லாத நல்ல தண்ணீருக்கும் வாயை மூடும். நாக்கில் உப்பு குறைந்திருந்தால் ஆற்றில் வெள்ளம், மேட்டூரைத் திறந்திருக்கிறார்கள், பயமில்லை. உப்பு குறையாமல் சத்தம் நின்றிருந்தால் வேறு ஏதோ வந்திருக்கிறது. மோந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். ஆலையில் குளோரின் வாயு பக்கத்தில் நின்று நின்று அவருக்கு மூக்கு போய்விட்டது. பிரியாணியும் பினாயிலும் அவருக்கு ஒன்றுதான்.

நான் வருவதற்கு முன்னால் ஒருமுறை படகுத்துறையில் டீசல் கொட்டியதை இந்த மணிகளை வைத்தே கண்டுபிடித்து, மட்டி எடுக்கிற பெண்களைக் கரையேற்றியிருக்கிறார். மட்டி தண்ணீரைக் குடித்துக் குடித்து வடிகட்டுகிற பிராணி, தண்ணீரில் இருக்கும் எண்ணெய் அதன் சதையில் தங்கிவிடும், அதைச் சாப்பிடுகிறவன் வயிற்றுக்கும் போகும் என்று வீடு வீடாகச் சொன்னவர் அவர். அதனால் பாய் ஓடி வந்தால் பெண்கள் கேள்வி கேட்காமல் கரையேறுவார்கள். அந்த மரியாதையைத் தொலைத்தது நான்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். நான் எங்கே இருந்தாலும் அம்மா போனில் கேட்பார், "எண்ணெ தேச்சியா?" ஊரிலிருந்து செக்கு நல்லெண்ணெய் அனுப்புவார். ஒரு சனிக்கிழமை உச்சி முதல் பாதம்வரை தேய்த்து ஊறிக்கொண்டிருந்தேன். பாயும் அக்காவும் நாகூர் போயிருந்தார்கள். கீழே ஒரு மணி விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். பெஷாவர் கானின் நரம்பு பக்கத்து ஆளியோடு சிக்கியிருந்தது. பாவமாக இருந்தது. முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, பொறுமையாகச் சிக்கை எடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாடிக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் குளித்தேன்.

குளித்துத் துவட்டும்போதே என்னவோ போலிருந்தது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டில் ஒரு மணியும் ஒலிக்கவில்லை.

பாய் வாசலில் கால் வைத்ததும் அப்படியே நின்றார். பிறகு தொட்டிக்குப் போய் நக்கிப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து, தொட்டி மூலையில் மிதந்த வானவில் நிறப் படலத்தைக் காட்டினார். "பாருங்க தம்பி, எண்ணெ." பார்த்தேன். அதன் வாசனையும் எனக்கு வந்தது. என் தலையில் வந்த அதே வாசனை. நான் சொல்வதற்குள் அவர் தெருவைத் தாண்டியிருந்தார் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சொல்ல நேரம் இருந்தது. வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் எல்லோரும் கரையேறினார்கள். மறுநாளே மணிகள் ஒலித்தன. ஆனால் மேலும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்பது பாயின் சட்டம். ஆக மூன்று நாள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கடலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, படகுத்துறையிலும் இல்லை. காரைக்காலிலிருந்து மட்டி வாங்க வருகிறவர் வேறு ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார். நாலாம் நாள் வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் கூடியது. மட்டிக்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த கனகவல்லி அக்கா எழுந்தார்.

"பாய், உங்க மேல எங்களுக்கு மரியாத உண்டு. ஆனா உங்க வீட்டு சிப்பி வாய மூடுனா எங்க வீட்டு அடுப்புல்ல அணைஞ்சு போவுது. இனிமே எங்ககிட்ட வந்து எதுவும் சொல்லாதீங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டு, இனி எச்சரிக்கை சொல்லிக் கரைக்கு வர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. 'நீர் ஆய்வு உதவியாளரே தண்ணீரில் எண்ணெய் கலந்தார்' என்று ஆபீசுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கீழ்வேளூரில் அம்மா முகத்தை நினைத்தேன். இவையெல்லாம் காரணங்கள்தான். பயந்தாங்கொள்ளி என்பதற்கு இத்தனை காரணம் தேவையில்லை.

அதற்குப் பிறகு பாய் டீக்கடைக்கு வந்தால், அங்கே இருக்கிற அத்தனை பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தி வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்காருவார்கள். பழக்கதோஷத்தில் அவர் திடுக்கிட்டு ஓட எத்தனிப்பார். உடனே சிரிப்பார்கள். இரண்டு முறை அப்படி நடந்தபின் அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். வீட்டில் மணி கேட்டால் யார் முழித்தார்கள் என்று சொல்வதையும் நிறுத்தினார். விரலை உயர்த்துவதில்லை. அறைக்குள் மணிகள் பாட்டுக்கு ஒலித்தன, வெளியே யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் நிஜமாகவே பயந்தது அந்த நாட்களில்தான்.

மாசி மாதம். ஒரு வியாழக்கிழமை, நண்பகல். நான் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மணிகள் நிற்பது காதில் விழுந்தது. ஆம், விழுந்தது. முதலில் வலப்பக்கத்து மணிகள் அடங்கின. பிறகு நடுவில். கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் இரண்டு முறை தயங்கித் தயங்கி ஒலித்தது. அப்புறம் அதுவும் இல்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர் விழுந்தது, மின்விசிறி சுற்றியது. இத்தனைக்கும் நடுவில் வீடு மூச்சடைத்தாற்போல இருந்தது.

முதலில் என் கையைத்தான் மோந்து பார்த்தேன். எண்ணெய் தேய்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அறைக்கு ஓடினேன். பாய் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். விரலில் ஈரம் இருந்தது.

"உப்பு இருக்கு தம்பி" என்றார், மிக மெல்ல.

கரையில் யார் என்று கேட்டேன். பதினோரு பேர் இறங்கியிருக்கிறார்கள் என்றார், மணியைக் கேட்பதுபோல அவர்கள் போவதையும் தினமும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஓடுங்கள் பாய் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். கால் இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன, கைகளால் முழங்காலை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஓடத் தெரிந்த ஒரே மனிதர் ஓடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. நான் ஓடினேன்.

கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அலையே இல்லை. தண்ணீரின் நிறத்தில் மாற்றம் இல்லை, வாடை இல்லை. மீன்கூடைகளைச் சுற்றும் காக்கைகளைக் காணோம். முகத்துவாரத்து மணலில் மட்டும் நண்டுகள். நூற்றுக்கணக்கில் தண்ணீரைவிட்டு மேலே ஏறிவந்து, ஓடாமல் ஒளியாமல் அப்படியே நின்றிருந்தன. நான் நடுவில் ஓடியபோதும் விலகவில்லை.

கனகவல்லி அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்தார். கரையேறுங்கள் என்று கத்தினேன். அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். பாய் வர முடியாமல் பாட்டில் சாரை அனுப்பிவிட்டாராம். பெண்கள் குனிந்து மட்டி எடுப்பதைத் தொடர்ந்தார்கள். இன்னும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு பாய் சொன்னது பொய்யில்ல. தொட்டியில எண்ணெ இருந்துச்சு. ஆனா அது கடல்லேர்ந்து வரல. என் கையிலேர்ந்து வந்துச்சு. எண்ணெ தேச்ச கையோட உள்ள விட்டுட்டேன். சொல்ல பயந்துட்டு இருந்துட்டேன்."

பெண்கள் நிமிர்ந்தார்கள். அடுத்த ஐந்து நிமிடம் கனகவல்லி அக்கா என்னைத் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது. என் படிப்பில் ஆரம்பித்து, பாட்டில் வழியாக, என் எண்ணெய்க் குளியலின் ஒவ்வொரு கட்டமாகப் போனார். ஆபீசுக்கு எழுதிப்போடுகிறேனா இல்லையா பார் என்றார். நடுவில் சட்டென்று நிறுத்தினார். கையில் இருந்த மட்டியைப் பார்த்தார். அது ஓட்டை இறுக்கி மூடியிருந்தது.

"கையில தேச்ச எண்ணெக்கேவா அத்தனையும் மூடிக்கிச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப அதுவும் பொய் சொல்லல, அந்த மனுஷனும் பொய் சொல்லல" என்றார். கூடையை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார். திரும்பிக் கரையை நோக்கி நடந்தார். மற்ற பத்துப் பேரும் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். நண்டுகள் நின்ற இடத்திலேயே நின்றன. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றின் நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள்.

நாலு மணி வாக்கில் அது எங்கள் கண்ணுக்கும் தெரிந்தது. முதலில் தண்ணீர்மேல் வெயில் வேறுமாதிரி வழுக்கியது. பிறகு கறுப்பாக, தட்டு தட்டாக, தாரைக் காய்ச்சி ஊற்றியதுபோல முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. அலைக்கு ஒரு சத்தம் உண்டே, எண்ணெய் படர்ந்த இடத்தில் அந்தச் சத்தம்கூட அடங்கிப்போனது. ஊரே கரையில் நின்று பார்த்தது. நடுக்கடலில் ஏதோ கப்பல் தொட்டியைக் கழுவிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார்கள். எந்தக் கப்பல் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போய் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லெண்ணெய், கான் நரம்பில் விழுந்த சிக்கு, கொட்டகையில் நான் உட்கார்ந்திருந்த கடைசி வரிசை, ஒன்றுவிடாமல். அவர் மோட்டாரை நிறுத்தி, மாடிப்படிக்குக் கீழே டிரம்களில் சேர்த்து வைத்திருந்த சுத்தமான கடல்நீருக்கு ஆளிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். ஏழு செத்துப்போயிருந்தன. நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மாடியைக் காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் வழிவிடுவார். நான் பேசினால் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அமைதி என்றால் இவர் ஏன் இத்தனை பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தினமும் நண்பகலில் ஆற்றுவாய்த் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து ஒரு பேசினில் ஊற்றி, டிரம்மிலிருந்து மூன்று ஆளிகளை எடுத்து அதில் இறக்குவார். மணிகளைக் கட்டுவார். முதல் நாள் அவை உள்ளே போன உடனே மூடிக்கொண்டன. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் கனகவல்லி அக்கா வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். நாலாம் நாள் பதினோரு பெண்களும் வந்துவிட்டார்கள். வராதீர்கள் என்று சொன்னவர்கள், காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், பேச்சில்லாமல் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். யாராவது இருமினால் மற்றவர்கள் முறைத்தார்கள். டீக்கடைக்காரரும் கடையை விட்டுவிட்டு வந்து தூரத்தில் நின்றார். தெருவில் போகிறவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். கீழே இறங்க எனக்கு முகம் இல்லை.

எட்டாம் நாள் நான் ஊறுகாயும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தேன். பேசினில் மூன்று ஆளிகள் கல்லாகக் கிடந்தன. பாய் பக்கத்தில் குந்தியிருந்தார். வெகுநேரம் ஆனது. வாசலில் ஒரு பெண் எழுந்திருக்கப் போனார்.

ஒரு மணி ஒலித்தது.

யாரும் அசையவில்லை. நிஜமா, காற்றா என்று தெரியவில்லை. பிறகு இன்னொன்று. பாய் தலையை உயர்த்தாமலே, "அந்தோணி" என்றார். கனகவல்லி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். பாய் கையைக் காட்டித் தடுத்தார். தண்ணீர்தான் தேறியிருக்கிறது, மட்டியின் சதையில் குடித்த எண்ணெய் இறங்க இன்னும் நாளாகும், பாட்டில் சார் மட்டியை வெட்டி அனுப்பிப் பதில் வரட்டும், அதுவரை யாரும் எடுக்கவும் கூடாது, தின்னவும் கூடாது என்றார். அக்கா முணுமுணுத்தார், ஆனால் உட்கார்ந்தார். அந்த ஊரில் பாய் சொல்லாமல் அதற்குப்பின் யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை. என் ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கவில்லை. அக்கா எழுதிப்போட்டாரா, திட்டமே முடிந்துபோனதா, தெரியாது. நான் இப்போது தஞ்சாவூரில் வேறு வேலையில் இருக்கிறேன்.

பெண்கள் கலைந்து போனார்கள். மூன்றாவது மணியும் ஒலிக்கத் தொடங்கியது. பாய் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். படிக்கட்டைத் தாண்டிப் போனவர், நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"சாப்டீங்களா தம்பி?"

எட்டு நாளைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. வயிறு நிறைய சாப்பிட்டிருந்தேன். இல்லை என்றேன்.